விமான நிலைய ஓய்வறையும் உடன் வருவோரும்

கடல் கடந்து வாழும் தமிழர்கள் வெளியிடும் மலர்களுக்கு இலக்கியம், கல்வெட்டு, சமயம் என்று எழுதுவதுதான் வழக்கம். இம்முறை நான் ஒரு லௌகிக விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். இந்த மலரைப் புரட்டும் குடும்பங்களில் பாதிக்கு மேல் ஆண்டுக்கு ஒரு தடவையாவது வயதான தாய் தகப்பனை விமானத்தில் அழைத்துப் போகிறவர்கள் அல்லது அனுப்பி வைக்கிறவர்கள். அவர்களுக்கு இது உபயோகப்படும் என்று நம்புகிறேன்.

நான் இருப்பது கல்பாத்தி. பழைய கல்பாத்தி, புதிய கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் என்ற நான்கு கிராமங்களிலும் வெளிநாட்டில் பிள்ளையோ பெண்ணோ இல்லாத வீடு குறைவு. ஐப்பசி கடைசியில் தேர் நடக்கும். தேருக்கு வந்த பிள்ளைகள் திரும்பும்போது அம்மாவையோ அப்பாவையோ கூட அழைத்துப் போவார்கள். பாலக்காட்டில் விமான நிலையம் கிடையாது. கோயம்புத்தூர் அல்லது கொச்சிக்குக் காரில் போக வேண்டும். பாலக்காட்டுச் சுரம் வழியாகப் போகிற பாதையில் எங்கே நெரிசல் வரும் என்று சொல்ல முடியாததால், எல்லோரும் முன்கூட்டியே கிளம்பி, நிலையத்தில் மூன்று நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள்.

என் பாத்திரக் கடைக்கு வருகிற மாமிகள் கேட்பார்கள்: "நயினார், எங்காத்துப் பிள்ளை லவுஞ்ச் கார்டு வச்சிண்டிருக்கான். என்னையும் உள்ளே விடுவாளோ?" தமிழ்ச் சமணர்களை நயினார் என்று அழைப்பது பழைய வழக்கம். நாலு பேருக்குப் பதில் சொல்லிச் சொல்லி, இந்த விதிகளை ஒழுங்காகப் படித்துப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. சொல் ஆராய்ச்சி கொஞ்சம்

லவுஞ்ச் என்பதை ஓய்வறை என்றே இக்கட்டுரையில் சொல்கிறேன். விமானம் ஏறும் முன் காத்திருக்க மெத்தை நாற்காலி, சிற்றுண்டி, காபி, சுத்தமான கழிப்பறை, சில இடங்களில் குளியலறை, எல்லாம் ஒரு கதவுக்குப் பின்னால் இருக்கும். அந்தக் கதவில் ஒரு மேசை, மேசையில் ஒருவர். அவர் பார்க்கிற விதிதான் நம் பொருள்.

அந்த விதிகளில் உடன் வருபவரைக் 'கெஸ்ட்' என்கிறார்கள். நாம் அதை விருந்தினர் என்று மொழிபெயர்த்தால் பொருள் தவறிவிடும். தொல்காப்பியர் செய்யுளியலில் விருந்து என்ற சொல்லைப் புதுமை என்னும் பொருளில் ஆள்கிறார். விருந்தினர் என்றால் முன்பின் அறியாத புதியவர். வடமொழி அதிதியும் அப்படியே. திதி குறிக்காமல் வருகிறவர். சமண இல்லறத்தாருக்குரிய பன்னிரண்டு விரதங்களில் 'அதிதி சம்விபாகம்' ஒன்று. நாள் குறிக்காமல் வருகிறவருக்குப் பகுத்துக் கொடுத்த பிறகே தான் உண்ண வேண்டும் என்பது அதன் சாரம்.

ஓய்வறையின் கெஸ்டோ நேர் எதிர். அவர் நமக்கு மிகத் தெரிந்தவர். நம் மனைவி, நம் தாய், நம் பேரன். அவர் கையில் தேதியும் விமான எண்ணும் அச்சடித்த போர்டிங் பாஸ் இருக்க வேண்டும். ஆகவே நான் 'உடன் வருவோர்' என்றே எழுதுகிறேன். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால், மேசையில் இருப்பவரிடம் கோபித்துக்கொள்ளும் சந்தர்ப்பம் குறையும். அவர் விருந்தோம்பவில்லை, கணக்குப் பார்க்கிறார்.

2. தோற்றம்

விமான நிறுவனம் நடத்திய முதல் ஓய்வறை 1939-ல் நியூயார்க் லகார்டியா நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் திறந்த 'அட்மிரல்ஸ் கிளப்' என்று சொல்வார்கள். ஆரம்பத்தில் அதற்குக் கட்டணம் இல்லை. நிறுவனமே பார்த்து அழைத்த பெரிய மனிதர்களுக்கு மட்டும்தான் இடம். பிற்காலத்தில் அது சந்தா கட்டினவர்களுக்கு என்று மாறியது. எந்த விமான நிறுவனத்தையும் சாராமல், ஒரு அட்டையைக் காட்டிப் பல ஊர் ஓய்வறைகளில் நுழையலாம் என்ற ஏற்பாடு 1992-ல் 'பிரயாரிட்டி பாஸ்' மூலம் வந்தது. அதன் பிறகு வங்கிகள் அந்த உரிமையை மொத்தமாக வாங்கித் தங்கள் கடன் அட்டையோடு இணைத்துக் கொடுக்க ஆரம்பித்தன.

அழைப்பு, சந்தா, அட்டை என்று மூன்று படிகளில் கதவு அகலமாகிக்கொண்டே வந்தது. முதல் வகுப்புப் பயணி மட்டும் போன இடத்துக்கு இப்போது நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையும் போகிறான். நல்ல விஷயம்தான். ஆனால் ஒவ்வொரு படியிலும் உரிமை ஒரு தனி ஆளின் பெயரில்தான் எழுதப்பட்டது, குடும்பத்தின் பெயரில் எழுதப்படவில்லை. சிக்கல் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

3. மூன்று சாவிகள்

ஓய்வறைக் கதவுக்கு மூன்று சாவிகள் உண்டு. முதல் சாவி டிக்கெட், இரண்டாவது அந்தஸ்து, மூன்றாவது அட்டை. உடன் வருவோரைப் பற்றிய விதி ஒவ்வொரு சாவிக்கும் வேறு. "லவுஞ்சுக்கு ரூல் என்ன?" என்று பொதுவாகக் கேட்டால் விடையே கிடையாது. "எந்தச் சாவியால் போகிறோம்?" என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

(அ) டிக்கெட் என்னும் சாவி

முதல் வகுப்பு அல்லது பிசினஸ் வகுப்பு டிக்கெட் வாங்கினவருக்கு ஓய்வறை உண்டு. கூட வருகிறவர் சாதாரண வகுப்பில் போனால் அவருக்கு என்ன? உலகின் மூன்று பெரிய விமானக் கூட்டணிகளில் ஒன்று ஸ்டார் அலையன்ஸ். அது 1997-ல் தொடங்கியது. ஏர் இந்தியா அதில் 2014 ஜூலையில் சேர்ந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அதற்கு வெகு முன்பே சேர்ந்துவிட்டது. அதன் பொது விதிப்படி முதல் வகுப்புப் பயணி ஒருவரை உடன் அழைத்துப் போகலாம்; பிசினஸ் வகுப்புப் பயணிக்கு அந்த உரிமை இல்லை, அவர் மட்டும்தான். ஒன்வேர்ல்ட் கூட்டணியிலும் இதே போக்குத்தான்.

நம் குடும்பங்களில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு மட்டும் பிசினஸ் டிக்கெட் போட்டுவிட்டு, பிள்ளை சாதாரண வகுப்பில் வருவான். பாசத்தில் செய்வது. ஆனால் விதிப்படி அம்மா உள்ளே, பிள்ளை வெளியே. ஆங்கிலம் தெரியாத, தனியாகக் கழிப்பறைக்குப் போகத் தயங்குகிற அம்மா அந்த மெத்தை நாற்காலியில் தனியாக உட்கார்ந்து என்ன செய்வாள்? டிக்கெட் போடும்போதே இதை யோசிக்க வேண்டும்.

இன்னொன்று. சில நிறுவனங்கள் பிசினஸ் வகுப்பிலேயே விலை குறைந்த ஒரு ரகம் விற்கின்றன. படுக்கை உண்டு, உணவு உண்டு, ஓய்வறை மட்டும் இல்லை. டிக்கெட்டின் பெயரைப் பார்த்து ஏமாறாமல் உள்ளே என்னென்ன அடக்கம் என்று படித்துக்கொள்ள வேண்டும்.

(ஆ) அந்தஸ்து என்னும் சாவி

அடிக்கடி பறக்கிறவர்களுக்கு விமான நிறுவனங்கள் கோல்டு, பிளாட்டினம் என்று பட்டம் கொடுக்கின்றன. ஸ்டார் அலையன்ஸ் கோல்டு உறுப்பினர் சாதாரண வகுப்பில் பறந்தாலும் ஓய்வறைக்குப் போகலாம், உடன் ஒருவரையும் அழைத்துப் போகலாம். அந்த ஒருவரும் அதே நிலையத்திலிருந்து அந்தக் கூட்டணியின் ஏதாவது ஒரு விமானத்தில் புறப்படுகிறவராக இருக்க வேண்டும். வழியனுப்ப வந்தவர் ஆகாது. அம்மா வேறு கூட்டணியின் விமானத்தில் போனால் அதுவும் ஆகாது.

1999-ல் தொடங்கிய ஒன்வேர்ல்டில் சஃபையர், எமரால்டு உறுப்பினர்களுக்கும், 2000-ல் தொடங்கிய ஸ்கைடீமில் எலைட் பிளஸ் உறுப்பினர்களுக்கும் இதே மாதிரி 'உடன் ஒருவர்' உண்டு. இலங்கை, மலேசியா வழியாகப் போகிற நம்மவர்களுக்கு ஒரு தகவல்: மலேசியா ஏர்லைன்ஸ், கத்தார் ஏர்வேஸ் இரண்டும் 2013-லும், ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2014-லும் ஒன்வேர்ல்டில் சேர்ந்தவை. எமிரேட்ஸ், எதிஹாட் இரண்டும் இந்த மூன்று கூட்டணிகளிலும் இல்லை. அவற்றுக்குத் தனி விதி. துபாய், அபுதாபி வழியாகப் போகிறவர்கள் அந்தந்த நிறுவனத்தின் விதியைத்தான் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே யுனைடெட் நிறுவனத்திலேயே கோல்டு பட்டம் பெற்றவர், அமெரிக்காவுக்குள்ளேயே பறந்தால், அந்தப் பட்டத்தை மட்டும் காட்டி அந்நிறுவனத்தின் ஓய்வறைக்குள் போக முடியாது. வெளிநாட்டுப் பயணம் சேர்ந்திருக்க வேண்டும். சென்னையிலிருந்து வரும்போது விட்டார்கள், டல்லாஸிலிருந்து சிகாகோ போகும்போது விடவில்லை என்று குறைபடுகிறவர்களுக்கு இதுதான் காரணமாக இருக்கும்.

'ஒருவர்' என்ற சொல்லையும் கவனியுங்கள். தாயும் தகப்பனும் சேர்ந்து வந்தால் அவர்கள் இருவர். யாரை உள்ளே அழைத்துப் போவது, யாரை வெளியே விடுவது? விதி எழுதினவர்களுக்குக் குடும்பம் என்றால் கணவன் மனைவி. நமக்கு அது போதாது.

(இ) அட்டை என்னும் சாவி

இந்தியாவில் அதிகம் புழங்குவது இதுதான். வங்கியின் கடன் அட்டைக்கோ டெபிட் அட்டைக்கோ மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டு என்று ஓய்வறை வருகை இலவசமாக இருக்கும். மேசையில் அட்டையைத் தேய்த்து இரண்டு ரூபாய் மாதிரி ஒரு சின்னத் தொகை எடுப்பார்கள். அட்டை உண்மையா, உரிமை பாக்கி இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை அது.

இங்கே உடன் வருவோருக்குப் பெரும்பாலும் இடம் இல்லை. ஒரு அட்டை, ஒரு ஆள். கூட வருகிறவரை அனுமதிக்கிற அட்டைகளும் உண்டு, ஆனால் அவை ஆண்டுக் கட்டணம் அதிகமான ரகம். பிரயாரிட்டி பாஸ் போன்ற உறுப்பினர் அட்டையில் கூட வருகிறவரை அழைத்துப் போகலாம் என்றாலும், அவருக்கான கட்டணம் பிறகு அட்டைக் கணக்கில் ஏறும். இலவசம் என்று நினைத்து நாலு பேரை அழைத்துப் போய், அடுத்த மாத பில்லில் டாலர் கணக்கில் பார்த்துத் திகைத்தவர்கள் உண்டு.

4. ஏன் இப்படித் தலை எண்ணுகிறார்கள்?

வியாபாரி என்ற முறையில் இதை விளக்குவது எனக்குச் சுலபம். ஓய்வறையை நடத்துகிறவர் ஒருவர், உரிமையை விற்கிறவர் இன்னொருவர். வங்கியின் அட்டையைக் காட்டி நாம் உள்ளே போனால், ஓய்வறைக்காரருக்குத் தலைக்கு இவ்வளவு என்று வங்கியின் பக்கத்திலிருந்து பணம் போக வேண்டும். நடுவில் ஒரு இடைநிலை நிறுவனமும் இருக்கலாம். நாம் குடிக்கிற காபி நமக்கு இலவசம், வங்கிக்கு இலவசமில்லை. கல்யாண மண்டபத்தில் இலைக்கு இவ்வளவு என்று சமையல்காரர் கணக்கெழுதுகிற மாதிரிதான். பந்தியில் ஒரு இலை கூடினால் யாரோ ஒருவர் அதற்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கதவு மூடும். இந்தியாவில் இடைநிலை நிறுவனமாகப் பெரிய அளவில் இருந்த டிரீம்ஃபோக்ஸ் 2022-ல் பங்குச் சந்தைக்கு வந்தது. 2025 செப்டம்பரில் உள்நாட்டு ஓய்வறைச் சேவையை நிறுத்திக்கொண்டது. அட்டை கையில் அப்படியே இருந்தது, அதன் பின்னால் இருந்த ஏற்பாடு மாறிவிட்டது. எனவே போன வருஷம் விட்டார்களே என்பது இந்த வருஷத்துக்குச் சாட்சி ஆகாது.

கூட்டம் பெருகியதும் முதலில் குறைக்கப்படுவது உடன் வருவோரின் உரிமைதான். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தன் சென்டூரியன் ஓய்வறைகளில், பிளாட்டினம் அட்டைக்காரர் அமெரிக்காவில் உடன் இருவரை இலவசமாக அழைத்துவர அனுமதித்திருந்தது. 2023 பிப்ரவரியில் அதை மாற்றியது. பெரியவர் ஒருவருக்கு 50 டாலர் கட்ட வேண்டும்; ஆண்டுக்கு 75,000 டாலர் அந்த அட்டையில் செலவழித்தவர்களுக்கு மட்டும் பழைய சலுகை. இந்தியாவில் ஐசிஐசிஐ வங்கி 2024 ஏப்ரல் முதல், முந்தைய மூன்று மாதத்தில் 35,000 ரூபாயாவது செலவழித்திருந்தால்தான் ஓய்வறை என்று பல அட்டைகளுக்கு விதித்தது. மற்ற வங்கிகளும் இதே வழியில் போயிருக்கின்றன.

செலவழிக்கிற வயதில் இருப்பவன் பிள்ளை. அவன் தப்பித்துக்கொள்வான். பென்ஷனில் வாழ்கிற அப்பா மூன்று மாதத்தில் கார்டில் அவ்வளவு செலவழிக்க மாட்டார். ஓய்வு யாருக்கு அதிகம் வேண்டுமோ அவருக்கு ஓய்வறை உரிமை குறைகிறது. இந்த விஷயத்தில் எனக்கு உறுத்துகிற இடம் இதுதான்.

5. நம் பழைய சத்திரம்

வழிநடைக்காரர்களுக்கு இடமும் உணவும் கொடுப்பது நமக்குப் புதிதில்லை. மணிமேகலைக் காப்பியத்தில் புகார் நகரத்து உலகவறவி ஒரு பொது அம்பலம். மணிமேகலை அமுதசுரபியை ஏந்தி அங்கேதான் பசித்தவர்க்கெல்லாம் உணவிட்டாள். பௌத்த காப்பியம் என்றாலும் சமணனாகிய எனக்கும் அது மனதுக்கு நெருங்கிய இடம்.

வரலாற்றுக் காலத்துக்கு வந்தால் தஞ்சை மராட்டியர் சத்திரங்கள் உள்ளன. இராமேசுவரம் போகும் யாத்திரிகர்களுக்காக வழிநெடுக அவற்றைக் கட்டினார்கள். 1802-ல் ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் பெயரில் கட்டியது அவற்றில் புகழ் பெற்றது. இரண்டாம் சரபோஜி மன்னர் 1801-ல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் இந்தச் சத்திரங்கள் எப்படி நடந்தன என்பதை விவரிக்கிறது. எல்லா ஜாதி வழிப்போக்கர்களுக்கும் உணவு, கைக்குழந்தைகளுக்குப் பால், நோயாளிக்கு வைத்தியம், கர்ப்பிணிகளுக்குப் பராமரிப்பு, வழியில் பெற்றோர் இறந்துபோன பிள்ளைகளுக்கு ஆதரவு என்று அந்தக் கடிதம் சொல்கிறது. அங்கே யாரும் "நீங்கள் யாருடைய கெஸ்ட்?" என்று கேட்கவில்லை. பயணம் செய்கிறவர் என்பதே உரிமைக்குப் போதும். கூட வந்த கிழவியும் குழந்தையும் தனித்தனியாக வழிப்போக்கர்களே.

ஆனால் பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. திருவிதாங்கூர் சமஸ்தானத்து ஊட்டுப்புரைகளில் இலவசச் சாப்பாடு பிராமணருக்குத்தான். பாலக்காட்டிலிருந்து தெற்கே பிழைக்கப் போன பல பிராமணக் குடும்பங்களுக்கு அது பெரிய ஆதாரம். அவர்களோடு மூட்டை சுமந்து நடந்து வந்தவனுக்கு அங்கே இலை கிடையாது. அங்கும் ஒரு சாவி இருந்தது, அது பிறப்பு. விலை கொடுத்து வாங்கவும் முடியாத சாவி. அந்த வகையில் இன்றைய அட்டை மேல். பணம் கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும் என்பது பெருமைப்படத்தக்க அறம் இல்லைதான், இருந்தாலும் பிறப்பைப் பார்த்துக் கதவை மூடுவதைவிட அது நல்லது.

நம் காலத்து ரயில்வேயும் நடுவழியில் நிற்கிறது. உயர் வகுப்புக் காத்திருப்பறைக்கு உயர் வகுப்பு டிக்கெட் வேண்டும். வழியனுப்ப வந்தவருக்குப் பிளாட்பார டிக்கெட் வேண்டும். ஆனால் பாலக்காடு ஜங்ஷனில் யாரும் வந்து உட்காரக்கூடிய பொதுக் காத்திருப்புக் கூடமும் பெஞ்சும் இருக்கின்றன. வழியனுப்ப வந்த மருமகள் ரயில் கிளம்பும்வரை மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். விமான நிலையத்தில் பாதுகாப்பின் பொருட்டு வாசலிலேயே பிரிய வேண்டியிருக்கிறது.

6. கொச்சியில் ஒரு புது வழி

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து முயற்சி ஒன்றைச் சொல்ல வேண்டும். கொச்சி விமான நிலையம் 1999-ல் திறக்கப்பட்டது. அரசும் வெளிநாடு வாழ் மலையாளிகளும் சேர்ந்து முதல் போட்டுக் கட்டினது. அங்கே 2024 செப்டம்பர் 1-ஆம் தேதி '0484 ஏரோ லவுஞ்ச்' என்று ஒன்று திறந்தார்கள். 0484 என்பது கொச்சியின் பழைய எஸ்.டி.டி. எண். இரண்டாம் டெர்மினலில் சுமார் 50,000 சதுர அடியில் 37 அறைகள், 4 சூட்டுகள், உணவகம், கூட்ட அறைகள் எல்லாம் இருக்கின்றன.

அதன் விசேஷம் அது இருக்கும் இடம்தான். பாதுகாப்புச் சோதனை எல்லைக்கு வெளியே இருக்கிறது. அதனால் பயணிக்கு மட்டும் என்று இல்லாமல், வழியனுப்ப வந்தவர்களும் வரவேற்க வந்தவர்களும் பயன்படுத்தலாம். மணிக்கணக்கில் அறை எடுத்துக்கொள்ளலாம். பாலக்காட்டிலிருந்து ராத்திரியே கிளம்பி வந்த குடும்பம், விடியற்கால விமானம் வரை அம்மாவைப் படுக்க வைத்துவிட்டு, கூடவே இருந்து அனுப்பலாம். பணம் கொடுத்துத்தான். ஆனால் போர்டிங் பாஸ் இல்லாத உறவினரையும் மனிதராகக் கணக்கில் எடுத்துக்கொள்கிற ஏற்பாடு. மற்ற நிலையங்களும் இதைப் பின்பற்றினால் நல்லது.

7. புறப்படும் முன் செய்ய வேண்டியவை

எங்கள் கடைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வதை வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்று: எந்தச் சாவி என்று முடிவு செய்யுங்கள். பிறகு மூன்று கேள்வி கேளுங்கள். உடன் எத்தனை பேர்? அவர்கள் அதே விமானத்தில் போக வேண்டுமா, அதே கூட்டணி போதுமா? இலவசமா, கட்டணமா? விமான நிறுவனம் அல்லது வங்கியிடம் புறப்படும் வாரத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு: அட்டைதான் சாவி என்றால், பெற்றோர் பெயரில் ஒரு துணை அட்டை வாங்க முடியுமா என்று பாருங்கள். துணை அட்டைக்குத் தனி வருகை உண்டா, முதல் அட்டையின் எண்ணிக்கையிலிருந்தே கழிப்பார்களா என்பது வங்கிக்கு வங்கி மாறும். அதையும் கேட்க வேண்டும்.

மூன்று: குழந்தைகளையும் தலையாக எண்ணுகிற இடங்கள் அதிகம். இரண்டு வயதுக்கு உட்பட்ட கைக்குழந்தையைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அதற்கு மேல் வயது வரம்பு இடத்துக்கு இடம் வேறு.

நான்கு: பல ஓய்வறைகளில் புறப்படும் நேரத்துக்கு மூன்று மணி முன்பு வரைதான் அனுமதி. ஆறு மணி நேரம் இடைத்தங்கல் இருந்தால் முழு நேரமும் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம்.

ஐந்து: கட்டணம் கட்டி நேரடியாகப் போகக்கூடிய ஓய்வறைகளும் உண்டு. ஒருவர் இலவசம், ஒருவருக்குக் கட்டணம் என்று இருவரும் சேர்ந்தே போகலாம். அந்தத் தொகை அதிகமாகத் தோன்றினால், இருவருமே வெளியே உட்கார்ந்து இட்லி வாங்கிச் சாப்பிடுவது உத்தமம்.

ஆறு: சக்கர நாற்காலி கேட்டிருந்தால், தள்ளி வருகிற ஊழியரிடம் ஓய்வறைக்குப் போவதையும் எப்போது திரும்ப வந்து அழைக்க வேண்டும் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். பல நிலையங்களில் இப்போது ஒலிபெருக்கி அறிவிப்பு மிகக் குறைவு. கேட் மாறினால் பலகையைப் பார்த்துத்தான் தெரியும். பிள்ளை உள்ளேயும் அம்மா கேட்டிலும் இருந்தால், கேட் மாறும்போது இருவருக்கும் ஆபத்து.

ஏழு: விமானம் தாமதமானால் கிடைக்கும் உணவு வேறு உரிமை. அதற்கு எந்தச் சாவியும் வேண்டாம். இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, இரண்டரை மணி நேரம் வரையிலான பயணத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேலும், இரண்டரையிலிருந்து ஐந்து மணி வரையிலானதற்கு மூன்று மணிக்கு மேலும், மற்றவற்றுக்கு நான்கு மணிக்கு மேலும் தாமதமானால், நேரத்தில் செக்-இன் செய்த பயணிகளுக்கு விமான நிறுவனம் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். ஐரோப்பாவில் 2004-ல் இயற்றிய சட்டமும் இதே மாதிரி சொல்கிறது. ஓய்வறைக்குள் விடவில்லை என்ற வருத்தத்தில் இந்த உரிமையைக் கேட்க மறந்துவிடக் கூடாது.

எட்டு: உணவு நியமம் உள்ளவர்கள் கையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். நான் சூரியன் அஸ்தமித்த பின் உண்பதில்லை, கிழங்கு வகையும் எடுப்பதில்லை. ராத்திரி விமானத்துக்குப் போகிற எனக்கு ஓய்வறையின் சாப்பாட்டு மேசையால் லாபமே கிடையாது. நாற்காலிதான் லாபம். கல்பாத்தி மாமிகளில் பலர் மடி ஆசாரத்தால் அங்கே ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. பெரியவர்களுக்கு அங்கே வேண்டியது சாப்பாடு இல்லை; சாய்ந்து உட்கார ஒரு இடம், பக்கத்திலேயே கழிப்பறை, பக்கத்தில் தெரிந்த முகம்.

8. முடிவாக

ஒரு வெளிநாட்டு நிலையத்தில் நான் பார்த்தது இது. ஒரு நடுவயதுக்காரர் தன் தகப்பனாரோடு மேசைக்கு வந்தார். பிள்ளைக்கு மட்டும்தான் அனுமதி என்றார்கள். பெரியவர், "நீ போயிட்டு வாடா, நான் இங்கேயே இருக்கேன்" என்றார். பிள்ளை சிரித்துக்கொண்டு, "அங்கே என்னப்பா இருக்கு, காபிதானே?" என்று சொல்லி இரண்டு காகிதக் கோப்பையில் காபி வாங்கிவந்து பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார். பணம் கொஞ்சம் செலவு, மரியாதை மிச்சம்.

விதி எழுதினவர்களை நாம் மாற்ற முடியாது. அவர்களுடையது வியாபாரம், அவர்களுக்கும் கூட்டம், இடம், செலவு என்ற கணக்கு இருக்கிறது. ஆனால் அந்தக் கதவு யாரோடு போகிறோம் என்பதைத் தீர்மானிக்க விடக்கூடாது. பகுத்துக் கொடுத்த பிறகே உண்பது என்ற விரதத்தைப் பெரிய தத்துவமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. விமான நிலையத்தில் அது சின்ன விஷயம்தான். இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தால் உள்ளே போகலாம், கிடைக்காவிட்டால் இரண்டு பேருமே வெளியே உட்காரலாம். விதிகளைத் தெரிந்துகொண்டு கிளம்பினால், வாசலில் நின்று முகம் சுருங்குகிற அந்த ஒரு நிமிஷத்தைப் பெரியவர்களுக்கு மிச்சப்படுத்தலாம். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.